ஒரு கடிக்கு நாலு பல்

சங்கத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் பல் மருத்துவர்களுக்காக ஒரு மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்ற நான் என் பணி அனுபவங்களை எழுதித் தர வேண்டுமாம். கொஞ்சம் சிரிக்கிற மாதிரி இருந்தால் நல்லது என்று அவர்களில் இளையவர் சொல்லிவிட்டுப் போனார். சிரிக்கிற மாதிரி எழுத என்னிடம் சரக்கு இல்லாமல் இல்லை. கல்யாண வீட்டில் சோடா மூடியைப் பல்லால் திறந்து காட்டப் போய், மூடியை ஒரு கையிலும் பல்லை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு வந்த மாப்பிள்ளைத் தோழன் இருக்கிறான். வயரைப் பல்லால் உரித்து உரித்து முன்பல்லில் பள்ளம் விழுந்த எலக்ட்ரீசியன் இருக்கிறார். எழுதினால் படித்துச் சிரித்துவிட்டு மலரை மூடி வைத்துவிடுவீர்கள். நான் வேறொன்றை எழுதுகிறேன். பிடிக்கவில்லை என்றால் அச்சடிக்காமல் விட்டுவிடட்டும், எனக்கு ஒன்றும் குறைந்துபோகாது.

மனிதனின் கடிக்கு எவ்வளவு பலம் என்று பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். அந்தக் கணக்கு எனக்கு மறந்துவிட்டது. பலம் உண்டு, சந்தேகமே இல்லை. கடைவாயில் ஒரு ஆளின் பாரத்தையே இறக்கலாம். அந்தப் பலம் எந்த இடத்தில் ஒன்றுக்கும் உதவாமல் போகிறது என்பதை மட்டும் உங்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். எனக்கும் சொல்லித் தரவில்லை.

முதலில் ஒரு விஷயம், அது தெரியாமல் மற்றது புரியாது. மனிதன் கடித்த காயத்தோடு வருகிற யாரும் மனிதன் கடித்தான் என்று சொல்வதில்லை. நாய் கடித்தால் வாசலிலேயே நின்று சத்தமாகச் சொல்வார்கள். பாம்பு கடித்தால் கேட்கவே வேண்டாம், தெருவே கூட வரும். மனிதன் கடித்தால் மட்டும் தகரம் கீறிவிட்டது, ஆணி குத்திவிட்டது, மீன்முள் ஏறிவிட்டது என்பார்கள். இன்னொருவரிடம் கடி வாங்கினேன் என்று சொல்வது அவ்வளவு கேவலம்.

நான் அரசு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அறுவை சிகிச்சைப் பிரிவில் ஒரு மூத்த மருத்துவர் இருந்தார். ஒருநாள் காலை என் நாற்காலியில் முன்பல் உடைந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார். அந்த நேரத்தில் மூத்தவர் இன்னொரு ஆளை மணிக்கட்டில் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். அந்த ஆளின் விரல் முட்டியில் சின்னதாக ஒரு வெட்டு. தகரம் கீறியது என்று அவர் சத்தியம் செய்துகொண்டே வந்தார். மூத்தவர் அவர் கையை முஷ்டியாக மடக்கி, நாற்காலியில் இருந்தவரின் வாய்க்கு நேரே கொண்டுபோய் வைத்தார். வெட்டும் உடைந்த பல்லும் கச்சிதமாகப் பொருந்தின. இரண்டு பேரும் அண்ணன் தம்பி, வரப்புத் தகராறு.

"தகரத்துக்கு வாய் உண்டா வே?" என்று மூத்தவர் கேட்டதும் பல் போனவரே சிரித்துவிட்டார்.

அவர்கள் போன பிறகு மூத்தவர் எனக்கு ஒன்றைச் சொன்னார். அந்தச் சின்ன வெட்டைத் தையல் போட்டு மூடியிருந்தால், வாயிலிருக்கும் அழுக்கு முழுக்க உள்ளே அடைபட்டு விரலையே தின்றிருக்கும். குத்தும்போது பல் ஏறிய காயமும் கடிதான். கடித்த காயத்தைக் கழுவித் திறந்து விட வேண்டும். அதற்கு முதலில் அது கடி என்று தெரிய வேண்டும். ஆகவே கையில் காயம் என்று யார் வந்தாலும், எப்படிப் பட்டது என்று திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. பல வருஷம் கழித்து, நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, அது எனக்குத் தேவைப்பட்டது.

மயிலாடியில் கல் பட்டறை வைத்திருந்த ஒருவனின் மனைவி அவள். அஜிதா என்று வைத்துக்கொள்வோம், நிஜப் பெயர் உங்களுக்கு வேண்டாம். பிறந்த ஊர் தக்கலைக்கு மேற்கே. மலையாளம் கலந்த பேச்சிலேயே அது தெரியும். மேல்வரிசையில் முன்பற்கள் நான்கும் கொஞ்சம் முன்னால் தள்ளி நிற்கும். மற்றபடி சொத்தை கிடையாது, ஆட்டம் கிடையாது, ஈறு ரோஜா நிறத்தில் இருக்கும். அந்த மாதிரிப் பல்லை நான் வாரத்தில் ஒன்று பார்த்தால் அதிகம். அவளுக்குச் சின்னதாக ஒரு பெண் குழந்தை.

ஒரு சாயங்காலம் வீட்டில் சண்டை. அவன் அடித்தான், அவள் கத்தினாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமே என்று இடது கையால் அவள் வாயைப் பொத்தினான். மூக்கும் சேர்ந்து அடைபட்டது. மூச்சு முட்டி அவள் தலையை உதறியதில் அவனுடைய நடுவிரல் அவள் பற்களுக்கு இடையில் வந்தது. கடித்தாள். அவன் கையை எடுத்தான், அவள் மூச்சு விட்டாள். நடந்தது அவ்வளவுதான்.

அவன் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனான். பெண்டாட்டி கடித்துவிட்டாள் என்று எந்த வாயால் சொல்வான்? கல் சரிந்து விரல் நசுங்கியது என்றான். மயிலாடிப் பக்கத்தில் அதைச் சொன்னால் யாரும் மறு கேள்வி கேட்க மாட்டார்கள். கல்லில் விரலைக் கொடுத்துவிட்டு யாராவது வந்துகொண்டேதான் இருப்பார்கள். அங்கே இருந்த டாக்டர் காயத்தைக் கழுவி, நெருக்கமாகத் தையல் போட்டு, கட்டுப் போட்டு அனுப்பினார். கல் பட்ட காயம் என்று சொன்னால் யாரும் அதைத்தான் செய்வார்கள். விரல் வீங்கியது. அப்போதும் அவன் வாயைத் திறக்கவில்லை. வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பட்டறையில் நின்றான். உள்ளங்கைவரை சீழ் இறங்கிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கையைக் காப்பாற்ற விரலை எடுக்க வேண்டியதாயிற்று. உளி பிடிக்கிற கை. கல் வேலை செய்கிறவனுக்கு அது சின்ன இழப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

விரல் போன பிறகு உண்மை வெளியே வந்தது, அதுவும் பாதி உண்மை. கடித்துவிட்டாள் என்றான். வாயைப் பொத்தியதைச் சொல்லவில்லை. ஊருக்குள் அந்தப் பாதி உண்மை வளர்ந்தது. விரலைக் கடித்துத் துப்பிவிட்டாளாம். பல்லைப் பார்த்தாலே தெரியாதா என்றார்களாம். அவள் பஸ்ஸுக்கு நின்றால் பையன்கள் மறைந்து நின்று நாய் மாதிரிக் குரைத்தார்களாம். கொடுங்காயம் ஏற்படுத்தினாள் என்று போலீஸில் புகார் கொடுத்தார்கள். அவளைப் பிறந்த வீட்டுக்குத் துரத்திவிட்டுக் குழந்தையைத் தங்களிடம் வைத்துக்கொண்டார்கள். வழக்கு நின்றால் அவள் ஜெயிலுக்குப் போவாள், பிள்ளை முழுக்க அவர்களுடையதாகிவிடும்.

அந்த நிலையில்தான் இன்ஸ்பெக்டர் ஒரு பெண் காவலரோடு அவளை என்னிடம் கொண்டுவந்தார். அவருக்கு வேண்டியது ஒரு வரிப் பதில். இந்தப் பல்லால் ஒரு விரலைப் போக்க முடியுமா, முடியாதா? என் மேலதிகாரியும் ஃபோன் செய்து, ஆமாம் அல்லது இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், குடும்பச் சண்டைக்குள் போக வேண்டாம் என்றார். எனக்கு இந்த மாதிரிப் புத்திமதிகள் கேட்டாலே காது சூடாகிவிடும்.

அவள் திறக்கச் சொன்னால் வாயைத் திறந்தாள், மூடச் சொன்னால் மூடினாள். எதைக் கேட்டாலும், ஆமாம் என்பதற்கு அவள் ஊரில் சொல்கிற ஓ மட்டும்தான். மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். உதட்டையும் ஈறையும் நடுவில் சேர்த்துப் பிடித்திருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்து ஆறிக்கொண்டிருந்தது. உதட்டின் உள்பக்கத்தில் அவளுடைய பற்களே அழுந்தி விழுந்த தடம், நான்கும் வரிசையாக. எப்படி வந்தது என்று கேட்டேன். தரையைப் பார்த்தாள். திரும்பக் கேட்டேன். விழுந்தாயா, இடித்துக்கொண்டாயா, யாராவது அழுத்தினார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"வாயப் பொத்தினாரு டாக்டரம்மா. மூக்கும் சேந்து அடஞ்சு போச்சு," என்றாள். "எனக்கு மூச்சு கிட்டல்ல. அதான் கடிச்சேன்."

அதுவரை இதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. கடித்தாயா என்றுதான் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். கடித்தது உண்மை என்பதால் அவளும் ஆமாம் என்று சொல்லியிருக்கிறாள்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான், ஆனால் விளக்கிச் சொன்னால் கொட்டாவி விடுவார். என் பிரிவில் உதவிக்கு இருந்த அக்கா வெற்றிலை போடுகிறவர். அவர் பையிலிருந்த பாக்குவெட்டியை வாங்கி இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தேன். பாக்கைக் கீலுக்குப் பக்கத்தில் வைத்து அமுக்கச் சொன்னேன், சுலபமாக வெட்டுப்பட்டது. அடுத்த பாக்கை நுனியில் வைத்து அமுக்கச் சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கிப் பார்த்தார், பாக்கு வழுக்கி மேசைக்கு அடியில் ஓடியது. தாடையும் இதுதான் என்றேன். காதுக்கு முன்னால் கீல், அதற்குப் பக்கத்தில் கடைவாய்ப்பல், நுனியில் முன்பல். வாயைப் பொத்துகிற கையின் விரல் இந்த நுனிக்கு, முன்பல்லுக்குத்தான் வரும். தோல் கிழியும், சதை கிழியும், எலும்பு துண்டாகாது. அதற்குமேல் அழுத்தினால் முதலில் வலிப்பது கடிக்கிறவருக்குத்தான், தாடை தானாகவே விட்டுவிடும். சோற்றில் கல் கடிபட்டால் நாம் தொடர்ந்து மெல்லுகிறோமா?

"அப்போ விரலு எப்படி மேடம் போச்சு?" என்று கேட்டார்.

"கடிச்சது இவதான். ஆனா விரலு போனது கல்லுன்னு சொன்ன பொய்யில," என்றேன்.

ஒரு வரி கேட்டவருக்கு நான் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கடி சாதாரணக் காயம், அது கடி என்று மறைக்கப்பட்டதால் தையல் போடப்பட்டது, மூடியதால் சீழ் பிடித்தது, கடிபட்ட நேரத்தில் அவள் வாய் வெளியிலிருந்து அழுத்திப் பொத்தப்பட்டிருந்தது என்று எல்லாவற்றையும் எழுதினேன். மேலதிகாரி என்னோடு கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பழக்கூடையோடு ஒரு பெரிய மனிதர் என் வீட்டுக்கு வந்தார், பழக்கூடையோடு திரும்பிப் போனார். வழக்கு நிற்காது என்று அவர்களுடைய வக்கீலே சொல்லிவிட்டார். எனக்கு ரொம்பப் பெருமை. ஒரு பெண்ணை ஜெயிலிலிருந்து காப்பாற்றிவிட்டேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இந்தக் கட்டுரை இத்தோடு முடிந்தால் சங்கத்துக்காரர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

சில மாதம் கழித்து ஒரு காலை நேரம், வெளிநோயாளிகள் வரிசையில் அவள் நின்றாள். கூடவே மாமியாரும் அவனும். சேர்ந்து வாழ்கிறார்கள் போலிருக்கிறது, நல்லது என்று நினைத்தேன். மாமியார்தான் பேசினார். நயமாகவே பேசினார். மருமகளுக்குப் பல் முன்னால் தள்ளி நிற்கிறது, நாலு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டாமா, நான்கையும் எடுத்துவிட்டு வரிசையாகக் கட்டிக் கொடுங்கள் என்றார். அழகுக்கு என்றால் கம்பி போட்டு உள்ளே இழுக்கலாம், எடுக்கவே தேவையில்லை என்றேன். அதெல்லாம் வருஷக்கணக்காக இழுக்கும், இவளும் எடுக்கச் சொல்கிறாள் என்றார். நான் அஜிதாவைப் பார்த்தேன். தலையை ஆட்டினாள். அவன் இடது கையைச் சட்டைப் பையில் விட்டபடி கதவோரம் நின்றான்.

எக்ஸ்ரே எடுக்க வேண்டும், கூட யாரும் வரக்கூடாது என்று சொல்லி அவளை மட்டும் உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். என்ன நடந்தது என்று கேட்டேன். இரண்டு பக்கமும் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்களாம். வழக்கை விட்டுவிடுவது, அவள் திரும்ப வந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டு இருப்பது என்று முடிவாயிற்றாம். கடைசியில் அவன் எழுந்து, இந்த வாயோடு ஒரே வீட்டில் நான் படுக்க மாட்டேன் என்றானாம்.

"ஒரு பெரியவர் சிரிச்சுட்டு சொன்னாரு, அப்பம் பல்லப் பிடுங்கிட்டுக் கூட்டிட்டுப் போடேன்னு," என்றாள். "எல்லாரும் சிரிச்சாவ. எனக்க அப்பாவும் சிரிச்சாரு. வெளிய நிக்காருல்லா, அவரு மட்டும் சிரிக்கல்ல."

வேடிக்கையாகச் சொன்னது நிபந்தனையாகிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லையாம். அவள் போனால் வாசலில் உட்கார வைத்துப் பிள்ளையைக் காட்டுவார்கள், சாயங்காலம் திருப்பி அனுப்புவார்கள். பல்லுக்கு எப்போது போகிறாய் என்று மாமியார் நயமாக விசாரிப்பார். அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த எல்லா வழியையும் சொன்னேன். இன்ஸ்பெக்டரிடம் போகலாம், பெண்கள் பாதுகாப்பு அதிகாரியிடம் போகலாம், பிள்ளையைக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போகலாம், வக்கீலை நானே பார்க்கிறேன், கூட நானே வருகிறேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கோர்ட்டுல வாங்கதுக்குள்ள மோளு எனக்க மொகத்த மறந்துருவா. இப்பமே அங்க உள்ள அத்தையத்தான் அம்மான்னு விளிக்கா," என்றாள். பிறகு, "நீங்க எடுத்தா வேதன இல்லாம எடுப்பியன்னு நான்தான் இங்க கூட்டிட்டு வரச் சொன்னேன்," என்றாள்.

நான் எடுக்கவில்லை. வெளியே வந்து அவனைக் கிழி கிழி என்று கிழித்தேன். பழுதில்லாத பல்லில் கை வைக்க மாட்டேன், எடுக்கச் சொல்வதே குற்றம், உன்னை உள்ளே தள்ளிவிடுவேன் என்று வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவன் குரலை உயர்த்தவே இல்லை. அவளுக்கு வேண்டும் என்று அவளே சொல்கிறாள், நீங்கள் ஏன் மேடம் சத்தம் போடுகிறீர்கள் என்றான். அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மறுபடியும் தலையை ஆட்டினாள். மூன்று பேரும் படியிறங்கிப் போனார்கள். உடனே காவல் நிலையத்துக்கு ஃபோன் செய்தேன். அந்த இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர், அந்தப் பெண்ணே புகார் கொடுக்காமல் நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார். பாதுகாப்பு அதிகாரியிடமிருந்து ஒருவர் வீட்டுக்குப் போய் விசாரித்தார். எனக்கு ஒரு குறையும் இல்லை என்று அவள் சொல்லி அனுப்பிவிட்டாள்.

அந்த வாரமே வேறு ஒரு கிளினிக்கில் நான்கு பற்களும் எடுக்கப்பட்டன.

எடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். பெயரை எழுத மாட்டேன். உங்களில் ஒருவர். இந்த மலர் அவர் கைக்கும் வரும். அவர் கெட்டவர் அல்ல. இருபத்தைந்து தாண்டிய ஒரு பெண், அவளே கேட்கிறாள், அவளே கையெழுத்துப் போடுகிறாள், மாமியார் கூட நிற்கிறார், கட்டிய பல் வரிசையாக இருக்கும். சட்டப்படி ஒரு குறையும் இல்லை. வேரைச் சுற்றி எலும்பு இரும்பு மாதிரிப் பிடித்திருந்திருக்கும். எடுக்கும்போது கை வலித்திருக்கும். அப்போதாவது இது ஏன் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? இதைத்தான் அவரிடம் கேட்க வேண்டும் என்று ரொம்ப நாள் பொருமிக்கொண்டிருந்தேன். பிறகு எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. நான் தனியாகக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டேன். கேட்டு என்ன கிழித்தேன்? நான் எடுக்காததால் அவளுக்குக் கிடைத்த ஒரே லாபம், என்னைவிடக் கைப்பழக்கம் குறைந்த ஒருவரிடம் போய் வலியோடு எடுத்துக்கொண்டதுதான். ஆனாலும் சொல்கிறேன், நீங்கள் கேளுங்கள். கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்காக அல்ல. கேட்காமல் பிடுங்குகிறவருக்கு டாக்டர் என்று ஒரு பட்டம் தேவையில்லை, குறடு போதும்.

நான் ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடாமல் வீட்டின் முன் அறையில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் வருவார்கள். போன வருஷம் ஒருநாள் காலையில் அவள் வந்தாள், தனியாக. மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நேரே பஸ் ஏறி வந்ததாகச் சொன்னாள். மகள் அவளோடுதான் இருக்கிறாளாம், ராத்திரி அவள் மேல் காலைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாளாம். அதைச் சொல்லும்போது சிரித்தாள். மேலே நான்கு பல்லும் வரிசையாக, எடுப்பு இல்லாமல், சீராக இருந்தன. கழட்டி மாட்டுகிற பல். செய்தவர் நன்றாகவே செய்திருந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

வலிக்கிறதா, உறுத்துகிறதா, ஆடுகிறதா என்று கேட்டேன். எதுவும் இல்லையாம். இதைக் கழட்ட முடியாத மாதிரி ஒட்டித் தர வேண்டும் என்றாள். எனக்குப் புரியவில்லை. நன்றாகப் பொருந்தியிருக்கிறது, ராத்திரி கழட்டித் தண்ணீரில் போட்டு வைத்தால் ஈறுக்கும் நல்லது என்று நாம் எல்லாரும் சொல்கிற பாடத்தைச் சொன்னேன். அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"ராத்திரி கழட்டி அவருக்க கையில குடுக்கணும்," என்றாள். "அலமாரியில வெச்சுப் பூட்டுவாரு. காலம்பற கேட்டு வாங்கணும். கோவம்னா தரமாட்டாரு. பொக்க வாயோட மோளக் கொண்டு ஸ்கூலுல விடணும். அம்ம, உனக்க பல்ல இன்னைக்கும் அப்பா தரல்லியான்னு கேக்கா."

நான் தொழில்காரியாக மாறி, ஒட்டுவது என்றால் என்ன என்று விளக்கினேன். இருக்கிற இந்தப் பல்லை ஒட்ட முடியாது, புதிதாகச் செய்ய வேண்டும். அது நிற்க இரண்டு பக்கமும் தூண் வேண்டும். இரண்டு பக்கமும் இருக்கிற கோரைப்பற்களைச் சுற்றிலும் அரைத்துச் சிறிதாக்கி அவற்றின் மேல்தான் மாட்ட முடியும். இரண்டும் கல் மாதிரி இருக்கிற பற்கள், அரைத்தால் அரைத்ததுதான், பழையபடி வராது. அவ்வளவு செய்தும் பெரிய பலம் எதுவும் இருக்காது. மாங்காய், கொய்யா எல்லாம் நறுக்கித்தான் தின்ன வேண்டும், அழுத்திக் கடித்தால் பெயர்ந்து வந்துவிடும் என்றேன். கழட்ட முடியாது என்று தெரிந்தால் அவன் சும்மா இருப்பானா என்றும் கேட்டேன். டாக்டரம்மா ஒட்டிவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்வாளாம். சொல்லிக்கொள், என்னிடம் அனுப்பு, நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். அடித்தால் என்ன செய்வாய் என்றேன். இப்போது மட்டும் என்ன என்றாள்.

"இதை வெச்சு உன்னால ஒண்ணும் கடிக்க முடியாது, அஜிதா. தெரிஞ்சுக்கோ," என்றேன்.

"கடிக்கதுக்கு இல்ல டாக்டரம்மா," என்றாள். "எனக்க வாயில பல்லு உண்டுன்னு அவருக்கு ஒரு நெனப்பு இருந்தா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்."

நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தாள். இரண்டு பக்கமும் ஊசி போட்டேன். மரத்துப்போகக் காத்திருந்தேன். பழுதில்லாத பல்லில் கை வைக்க மாட்டேன் என்று ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி கத்தியவள் நான். பழுதே இல்லாத அந்த இரண்டு பற்களையும் அரைக்கத் தொடங்கினேன்.